பிரேக்கின் தேய்மானக் கணக்கு

வணிகவியல் படித்தவர்களுக்குத் தேய்மானம் என்பது ஆண்டு முடிவில் போடும் ஒரு பதிவு. காரில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எந்தப் பாகத்தைத் தேயவிட்டு எதைக் காப்பாற்றுவது என்பதுதான் பிரேக்கின் வரலாறு.

1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் பெர்த்தா பென்ஸ், கணவர் செய்த மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். சுமார் 100 கி.மீ.; நாம் திருநெல்வேலி போய்த் திரும்பும் தூரம். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துவிட, வழியில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் கட்டையின்மேல் தோல் அடித்து வாங்கினார். இனித் தோல் தேய்ந்தால் தோலை மட்டும் மாற்றினால் போதும். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் இதையே தொழிலாக்கி, 1897-இல் பிரேக் லைனிங் செய்யத் தொடங்கினார். பிறகு அதில் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தது. அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

டிஸ்க் பிரேக்குக்கு லான்செஸ்டர் 1902-இலேயே காப்புரிமை பெற்றார். 1953-இல் லே மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்ற பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. டி.வி.சுந்தரம் ஐயங்கார் பிறந்தது திருக்குறுங்குடியில். 1986 வரை தூத்துக்குடியும் அதே திருநெல்வேலி மாவட்டம்தான். அவர் குழுமம் 1962-இல் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவையும், 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸையும் தொடங்கியது.

பழைய அம்பாசடரின் டிரம்முக்குள் ஸ்பிரிங், ஷூ என்று எல்லாம் மூடிக் கிடக்கும். லைனிங் அடிப்பது பட்டறை வேலை. டிஸ்க்கில் சக்கரத்தைக் கழற்றினாலே எல்லாம் தெரியும். அதனால்தான் முன்சக்கர பேடையும் டிஸ்க்கையும் வீட்டிலேயே மாற்றலாம் என்ற துணிவு பலருக்கு வருகிறது. வரட்டும், ஆனால் சில விதிகள் உண்டு.

சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். காலிப்பரை அதன் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். பேடை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். தூசை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழியாமல் கவனியுங்கள். முடித்ததும், வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். மறந்தால் முதல் மிதியில் வண்டி நிற்காது. பின்சக்கரத்தில் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தால் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

நம் ஊரில் இன்னொன்று: கடல்காற்று. டிஸ்க் வார்ப்பிரும்பு, இரண்டு நாள் வண்டி நின்றாலே மேலே செம்பழுப்புத் துரு படியும். நாலு மிதியில் அது போய்விடும், பயம் வேண்டாம். ஆனால் குழி விழுந்தாலோ, விளிம்பில் மேடு தட்டினாலோ, டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போனாலோ மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்த முறை சக்கரம் கழற்றும்போது, பேடில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு நிமிடம் பாருங்கள். இந்தக் கணக்கை மார்ச் 31 வரை தள்ளிப்போட முடியாது.