ஐந்து ஸ்லாட்டும் ஒரு கார்டும்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட பிசியில் மொத்தமே ஐந்து ஸ்லாட்டுகள்தான். ஐந்து போதாதா என்று கேட்கலாம். போதாது! திரையில் எழுத்து தெரிய ஒரு கார்டு, ஃபிளாப்பி டிரைவுக்கு ஒரு கார்டு. ஆக, வாங்கிய அன்றே இரண்டு காலி. மோடம் வேண்டுமென்றால் சீரியல் போர்ட் கார்டு. மதர்போர்டில் 64 கேபி மெமரிதான், அதற்கு மேல் வேண்டுமானால் இன்னொரு கார்டு. கரண்ட் போனால் நேரத்தை மறந்துவிடும் மெஷின் அது. ஒவ்வொரு முறையும் தேதியையும் மணியையும் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். கடிகாரத்துக்கும் கார்டு என்றால்... எங்கே செருகுவது?

இங்கேதான் கலிபோர்னியாவின் ஏஎஸ்டி நுழைந்தது. ஆல்பர்ட் வாங், கராச்சியில் பிறந்த சஃபி குரேஷி, தாமஸ் யுவென் என மூவர் 1980இல் தொடங்கிய கம்பெனி. அவர்களின் முதல் எழுத்துகளே அதன் பெயர். 'சிக்ஸ்பேக் பிளஸ்' என்ற ஒரே கார்டில் 384 கேபி வரை மெமரி, சீரியல் போர்ட், பேரலல் போர்ட், பேட்டரியில் ஓடும் கடிகாரம் எல்லாவற்றையும் அடக்கிவிட்டார்கள். விற்றது மெமரி அல்ல, இடம்! வணிகம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

1983இல் வந்த எக்ஸ்டியில் எட்டு ஸ்லாட்டுகள். ஆனால் அதில் இரண்டில் நீளமான கார்டு நுழையாது, ஹார்டு டிஸ்குக்கும் ஒரு கார்டு போய்விடும். கடிகாரம்? அப்போதும் இல்லை.

பிற்பாடு இவையெல்லாம் மதர்போர்டிலேயே வந்துவிட்டன. முழுக் கம்ப்யூட்டர் தயாரிப்புக்கு மாறியிருந்த ஏஎஸ்டி 1997இல் சாம்சங் கைக்குப் போனது.