பூச்சியின் உணவுப் பரப்பும் பி.டி. பயிரின் ஆயுளும்: திருவள்ளூர் மாவட்ட நெல்லை முன்வைத்து ஒரு வாதம்

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டு எல்லை முடியுமிடத்தில் ஆரம்பாக்கம் இருக்கிறது. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், வடக்கே ஆந்திரத்தின் தடா. தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டது போக எஞ்சிய நிலத்தில் தண்ணீர் இருந்தால் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று போகமும் நெல் விளையக்கூடிய வட்டாரம் இது. இப்படிப்பட்ட நிலத்தில் பூச்சியை எதிர்க்கும் மரபணு மாற்றுப் பயிர் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கும்? பி.டி. பயிர் குறித்த நம் விவாதங்கள் உடலுக்குத் தீங்கா, விதை யாருக்குச் சொந்தம் என்ற இரண்டு கேள்விகளையே சுற்றிவந்தன. இரண்டும் தேவையான கேள்விகளே. ஆனால் பயிரின் ஆயுளை நிர்ணயிப்பது பூச்சி வேறு எதையெல்லாம் தின்னும் என்பதுதான் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

பூச்சி எதிர்ப்பு எப்போது நிலைக்கும், எப்போது தோற்கும் என்பதற்குச் சான்று தேடி வெளிநாட்டுக்குப் போகவேண்டியதில்லை. இதே திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1952-இல் வெளியிட்ட டி.கே.எம். 6, ஜி.இ.பி. 24-ஐயும் கோ 18-ஐயும் ஒட்டுக்கலந்து பெற்ற ரகம். குருத்துப்பூச்சி இதில் முட்டையிடுவது குறைவு. பொரிக்கும் புழுவும் மெதுவாகவே வளர்கிறது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் குணத்துக்காக இதைப் பெற்றோர் ரகமாக எடுத்துக்கொண்டது. 1969-இல் வந்த ஐ.ஆர். 20 அதன் வாரிசு. தஞ்சையில் ஒரு தலைமுறையே அதை நட்டது. அதன் உடம்பில் திருவள்ளூர் நெல் இருப்பது பலருக்குத் தெரியாது.

டி.கே.எம். 6 தந்தது மிதமான எதிர்ப்பு. பல மரபணுக்கள் சேர்ந்து தருவது அது. புழு முழுதாகச் சாகாது. அதனால்தான் அதை மீறும் பூச்சி இனம் எளிதில் தலையெடுக்கவில்லை. அதே ரகத்தின் வழியே வந்த இன்னொரு குணத்தின் கதை வேறு. 1973-இல் வெளியான ஐ.ஆர். 26, புகையான் பூச்சியை எதிர்க்கும் ஒற்றை மரபணுவை டி.கே.எம். 6-இடமிருந்து பெற்றது. தென்கிழக்காசியாவில் அது பெரும்பரப்பில் பரவிய சில ஆண்டுகளிலேயே புகையான் அதை மீறிவிட்டது. இங்கே ஆய்வகத்தில் மரபணு எதையும் செருகவில்லை. எல்லாம் வழக்கமான ஒட்டுக்கலப்புதான். ஆகவே ‘இயற்கையானது நிலைக்கும், செயற்கையானது தோற்கும்’ என்ற எளிய பிரிப்பு உதவாது.

பூச்சியின் உணவுப் பரப்பே பயிரின் ஆயுளை நிர்ணயிக்கிறது என்பதைப் பருத்தி தெளிவாகக் காட்டுகிறது. 2002 மார்ச்சில் இந்தியா பி.டி. பருத்திக்கு அனுமதி தந்தது. பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் (பி.டி.) என்ற மண் பாக்டீரியாவின் க்ரை1ஏசி நச்சை அந்தச் செடி தானே உண்டாக்கியது. பச்சைக் காய்ப்புழுவும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் ஒரே நச்சைத்தான் எதிர்கொண்டன. 2010 மார்ச்சுக்குள் குஜராத்தில் இளஞ்சிவப்புப் புழு அதை வென்றுவிட்டதாக அந்தப் பருத்தியின் மரபணுவை உருவாக்கிய மான்சான்டோ நிறுவனமே ஒப்புக்கொண்டது. இரண்டு நச்சுகள் கொண்ட போல்கார்டு 2 பருத்தியும் பிறகு அதனிடம் தோற்றது. பச்சைக் காய்ப்புழுவோ துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று கிடைத்ததைத் தின்னும். பி.டி. இல்லாத செடிகளில் வளர்ந்த அந்துப்பூச்சிகள் பருத்திக்காட்டுப் பூச்சிகளோடு கலந்து, எதிர்ப்புக் குணத்தை நீர்க்கச் செய்தன. இளஞ்சிவப்புப் புழுவுக்குப் பருத்தியை விட்டால் போக்கிடம் அரிது. விதைப் பெட்டியில் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதையும், நச்சைத் தாங்காத அந்துப்பூச்சிகள் பெருக இடம்தரும் அடைக்கலப் பயிருக்கென்று வந்தது. அதை வயலைச் சுற்றி விதைத்தவர்கள் மிகச் சிலர். விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு ஏக்கர்க்காரர் ஐந்து வரிசையைப் புழுவுக்கு எழுதிவைக்கமாட்டார் என்பதை விதி வகுத்தவர்கள் முன்னமே கணித்திருக்கவேண்டும். அடைக்கலப் பயிரை முறையாகக் கடைப்பிடித்து, பின்னர் மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்ட அமெரிக்காவில் 2018-இல் இதே பூச்சி முற்றாக ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

இனி கத்தரிக்கு வருவோம். மாஹிகோ விதை நிறுவனத்தின் பி.டி. மரபணுவைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் தன் கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 ரகங்களில் ஏற்றியது. இவை வீரிய ஒட்டு அல்ல. விவசாயி விதை எடுத்துவைத்துக்கொள்ளலாம். அது பெரிய நன்மை. 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அனுமதி தந்தது. 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். 2013-இல் அனுமதித்த பங்களாதேஷில் மருந்துச் செலவு குறைந்ததைக் கள ஆய்வுகள் காட்டின. சொத்தைக் கத்தரிக்காய்க்குப் பயந்து விவசாயிகள் எத்தனை முறை மருந்தடிக்கிறார்கள் என்று பார்த்தவர்கள் இதை அலட்சியப்படுத்தமுடியாது. என்றாலும் காயைச் சொத்தையாக்கும் காய்த்துளைப்பான் பெரும்பாலும் கத்தரியையே நம்பி வாழ்வது. அந்த வகையில் அது இளஞ்சிவப்புப் புழுவின் பக்கம். நெல்லின் மஞ்சள் குருத்துப்பூச்சி அதைவிடவும் மோசம்: நெல்லைத் தவிர அதற்கு வேறு உணவு கிட்டத்தட்ட இல்லை. மூன்று போகமும் நெல் நிற்கும் வட்டாரத்தில் பி.டி. நெல்லை மட்டும் நட்டால், அடைக்கலம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. 2006-இல் கோவைப் பக்கம் பி.டி. நெல் ஆய்வு வயலை விவசாயிகள் அழித்தபோதும் இந்தக் கேள்வி பேச்சில் பெரிதாக எழவில்லை.

பி.டி.யை அடியோடு மறுப்பது என் நோக்கமல்ல. பல பயிர்களைத் தின்னும் பூச்சிக்கு எதிராக அது நியாயமான கருவி. ஒற்றைப் பயிரை நம்பும் பூச்சிக்கு எதிராக, டி.கே.எம். 6 போன்ற மிதமான எதிர்ப்புள்ள ரகத்தின் மேல் அல்லாமல் தனியாக அதை நிறுத்துவது வீண்செலவு.

2024 ஜூலையில் மரபணு மாற்றுக் கடுகு வழக்கில் மாறுபட்ட தீர்ப்பளித்த உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவரும், மரபணு மாற்றுப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை வகுக்கவேண்டும் என்பதில் உடன்பட்டனர். பூச்சியின் உணவுப் பரப்பையும் அந்தந்த வட்டாரத்தின் போகங்களையும் கணக்கிட்ட பிறகே அனுமதி என்ற விதி அதில் இடம்பெறவேண்டும். விவசாயிகளிடம் கருத்துக் கேட்கும்போது அரசு தமிழ்நாட்டுக்கும் வரவேண்டும். 2010-இல் பி.டி. கத்தரிக்காகக் கூட்டம் நடந்த ஏழு நகரங்களில் தமிழ்நாட்டு நகரம் ஒன்றுகூட இல்லை.