கைப்பிடி தனியே பொருத்தப்படும் பெட் புட்டி

கைப்பிடி தனியே பொருத்தப்படும் பெட் புட்டி என்பது, உடல் ஒரு வார்ப்பாகவும் கைப்பிடி வேறொரு வார்ப்பாகவும் செய்யப்பட்டு, இரண்டும் ஒன்றோடொன்று பூட்டப்படும் நெகிழிக் கொள்கலன் ஆகும். உடல் பாலிஎத்திலீன் டெரிப்தலேட்டு (சுருக்கமாக, பெட்) என்னும் நெகிழியால் ஆனது. கைப்பிடி பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் அல்லது உயரடர்த்திப் பாலிஎத்திலீனால் செய்யப்படுகிறது. சில வேளைகளில் பெட்டாலேயே செய்யப்படுவதும் உண்டு. சமையல் எண்ணெய், குடிநீர், பழச்சாறு முதலியன பெரிய அளவில் இவ்வகைப் புட்டிகளில் அடைக்கப்படுகின்றன. ஜப்பானில் 4 லிட்டர் சோச்சு மதுப் புட்டிகளும் இவ்வாறே வருகின்றன. தமிழ்நாட்டுக் கடைகளில் இதனை "அஞ்சு லிட்டர் கேன்" என்றோ "ஜார்" என்றோ கேட்டு வாங்குவர்.

கைப்பிடி ஏன் தனியாகச் செய்யப்படுகிறது

உந்துபொறி எண்ணெய், வெளுப்பான் முதலியன வரும் ஒளிபுகாக் கேன்களில் கைப்பிடி உடலோடு ஒன்றாகவே இருக்கும்; உள்ளே குழாய் போல் வெற்றிடமாகவும் இருக்கும். அவை உயரடர்த்திப் பாலிஎத்திலீனைக் கொண்டு பிதுக்கு ஊதுவார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன. உருகிய நெகிழி ஒரு தடித்த குழாயாகக் கீழ்நோக்கிப் பிதுக்கப்படுகிறது. திறந்திருக்கும் அச்சின் இரு பாதிகளும் அதன்மேல் மூடும்போது, கைப்பிடிக்கும் உடலுக்கும் இடைப்பட்ட பகுதி நசுக்கப்படுகிறது. நெகிழி இன்னும் உருகிய நிலையில் இருப்பதால் நசுங்கிய சுவர்கள் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு காற்று ஊதப்பட்டு, நடுவிலுள்ள வேண்டாத துண்டு வெட்டி எடுக்கப்படுகிறது.

இம்முறை வழக்கமான பெட்டுக்குப் பொருந்தாது. முதற்காரணம், உருகிய பெட் தன் எடையைத் தானே தாங்காது. குழாயாகத் தொங்கவிட்டால் தேன் போல் இழிந்துவிடும். இரண்டாவது காரணம் இதனினும் அடிப்படையானது. பெட் புட்டியின் வலிமை அப்பொருளில் மட்டும் இல்லை, அதை இழுப்பதில் இருக்கிறது. முதலில் சோதனைக் குழாயைப் போன்ற ஒரு முன்வடிவம் (தொழிற்கூடங்களில் பிரீபார்ம்) வார்க்கப்படுகிறது. அதைச் சுமார் 95 முதல் 115 பாகை செல்சியசு வரை சூடாக்கி, ஒரு கோலால் நீளவாக்கிலும் காற்றால் அகலவாக்கிலும் இழுக்கும்போது மூலக்கூற்றுச் சங்கிலிகள் வரிசைப்பட்டு, மெல்லிய சுவரும் கண்ணாடி போன்ற தெளிவும் உறுதியும் பெறுகிறது. பரப்பளவில் இந்த இழுவை ஏறத்தாழ பத்து மடங்காகும். ஆனால் பெட்டின் உருகுநிலை 250 பாகையை ஒட்டியது. 100 பாகையில் இரு சுவர்களை எவ்வளவு அழுத்தினாலும் அவை ஒன்றாக உருகி ஒட்டுவதில்லை. ஆகவே புட்டிக்கு வலிமை தரும் அதே செயல்தான் அதற்குத் துளையுள்ள கைப்பிடி அமையாமலும் தடுக்கிறது.

இருபுறமும் ஆழமான பள்ளம் வைத்து விரல்களால் கவ்விப் பிடிக்கும்படி செய்வது ஒரு மாற்று வழி. 2 லிட்டர் வரை இது போதுமானது. 5 லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறக்குறைய 4.6 கிலோகிராம், 15 லிட்டர் எனில் 13.8 கிலோகிராம். எண்ணெய் படிந்த கையால் இவ்வளவு எடையைக் கவ்விப் பிடித்துச் சாய்த்து ஊற்றுவது இயலாது. எனவே கைப்பிடி தேவையாகிறது.

வரலாறு

பெட் பல்லுறுப்பியை 1941இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ரெக்சு வின்ஃபீல்டு, ஜேம்சு டென்னன்ட் டிக்சன் ஆகியோர் கண்டறிந்தனர். முதலில் அது இழைகளுக்கே பயன்பட்டது. இருதிசை இழுவையால் வலிமை பெற்ற பெட் புட்டிக்கான காப்புரிமை, டூபான்ட் நிறுவனப் பொறியாளர் நத்தானியேல் வையத்துக்கு 1973இல் வழங்கப்பட்டது. (இவர் ஓவியர் ஆண்ட்ரூ வையத்தின் அண்ணன்.)

தொடக்ககால 2 லிட்டர் மென்பானப் புட்டிகளும் தனியே பொருத்தப்பட்ட ஓர் உறுப்பைக் கொண்டிருந்தன என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. அவற்றின் அடி அரைக்கோள வடிவில் இருந்ததால் நிற்காது; ஆகவே உயரடர்த்திப் பாலிஎத்திலீன் கிண்ணம் ஒன்று அடியில் பசையிட்டு ஒட்டப்பட்டது. பூவிதழ் போல் ஐந்து கால்களுடைய ஒற்றைத் துண்டு அடிப்பகுதி பரவியபின் 1990களில் அக்கிண்ணம் வழக்கொழிந்தது. ஒரு பொருள் மிச்சமாயிற்று, மறுசுழற்சியும் எளிதாயிற்று. கைப்பிடிக்கு அத்தகைய எளிய மாற்று கிடைக்கவில்லை.

பொருத்தும் முறைகள்

கழுத்து வளையக் கைப்பிடி

மிக எளிய முறை இதுவே. கைப்பிடியின் ஒரு முனையில் அல்லது நடுவில் உள்ள வளையம், புட்டியின் கழுத்திலுள்ள விளிம்பைத் தாண்டி அழுத்தி மாட்டப்படுகிறது. உள்ளே போகும், திரும்பி வராது. பெரிய குடிநீர்ப் புட்டிகளில் இது மிகுதி. புட்டியின் உடலமைப்பை மாற்ற வேண்டியதில்லை. உடலில் பள்ளம் இல்லாததால் உள்ளழுத்தம் உடைய மென்பானப் புட்டிகளுக்கும் ஏற்றது. ஆனால் இதனால் தூக்கலாமே தவிர, ஒரு கையால் ஊற்ற முடியாது. மறு கையால் அடியைத் தாங்கியே சாய்க்க வேண்டும். குடிநீருக்கு இது பெரிய குறையன்று; எண்ணெய்க்குக் குறையே.

அச்சினுள் பொருத்தும் கைப்பிடி

எண்ணெய்ப் புட்டிகளில் பெரிதும் காணப்படுவது இம்முறையாகும். முன்னரே வார்த்து வைத்த கைப்பிடி, ஊதும் அச்சில் அதற்கென உள்ள பள்ளத்தில் முதலில் வைக்கப்படுகிறது. பிறகு சூடான முன்வடிவம் உள்ளே வர, அச்சு மூடி, 25 முதல் 40 பார் அழுத்தத்தில் காற்று ஊதப்படுகிறது. விரியும் பெட், கைப்பிடியின் மேல், கீழ் முனைகளைச் சுற்றிப் படிந்து, குளிர்ந்த அச்சில் இறுகிச் சுருங்கிப் பற்றிக்கொள்கிறது.

பெட்டும் பாலிபுரொப்பிலீனும் ஒன்றோடொன்று ஒட்டும் இயல்புடையன அல்ல. எனவே பசையோ உருக்கிணைப்போ இங்கில்லை. முழுக்க முழுக்க வடிவத்தால் ஆன பூட்டே உள்ளது. தச்சு வேலையில் புறாவால் பூட்டு எனப்படும் இணைப்பைப் போல், கைப்பிடியின் நங்கூர முனை வேரில் குறுகியும் நுனியில் அகன்றும் இருக்கும். அந்தக் குறுகிய இடத்திற்குள் பெட் புகுந்தால்தான் பிடிப்பு. இங்கேதான் சிக்கலும் இருக்கிறது. முனை மிகவும் அகன்றிருந்தால், அதைச் சுற்றி ஓட வேண்டிய பெட் அளவுக்கு மீறி இழுபட்டு மெலிந்துவிடும். புட்டி கீழே விழும்போது முதலில் கிழிவது அவ்விடமே. முனை போதிய அளவு அகலாமல் இருந்தால் கைப்பிடி பிடுங்கிக்கொண்டு வரும். கூர்மையான விளிம்புகள் தகைவைக் குவிப்பதால் அவை வளைவாகச் செய்யப்படுகின்றன. பள்ளத்தில் காற்று சிறைப்பட்டால் பெட் உட்புகாது என்பதால் அச்சில் நுண்ணிய காற்றுப்போக்கிகளும் தேவை.

கைப்பிடியின் அளவும் துல்லியமாக இருக்க வேண்டும். பாலிபுரொப்பிலீன் வார்த்த பின்னரும் சுருங்கும் இயல்புடையது. மொத்தச் சுருக்கம் 1 முதல் 2.5 விழுக்காடு வரை இருக்கும். வார்த்த சூட்டோடு கைப்பிடியைப் பயன்படுத்தினால் அது புட்டிக்குள் இருந்துகொண்டே சுருங்கித் தளரும். எனவே ஒரு நாளேனும் ஆறவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. கைப்பிடியின் குறுக்குவெட்டு கெட்டியாக இராமல் விலா எலும்பு போன்ற தகடுகளோடு இருப்பதற்கும் காரணம் உண்டு. வார்ப்பு குளிரும் நேரம் தடிப்பின் வர்க்கத்திற்கு ஏற்ப நீளும். தடிப்பு இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். ஆனால் பொருளை மிச்சப்படுத்தும் அத்தகடுகளின் விளிம்புகள் விரல்களில் பதியும் பக்கத்தில் அமைந்துவிட்டால், ஐந்து லிட்டரைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறுபவருக்கு அது நன்றாகவே தெரியும்.

முழுத் தானியங்கிப் பொறிகளில் இயந்திரக் கையே கைப்பிடியை அச்சில் வைக்கிறது. அரைத் தானியங்கிப் பொறிகளைக் கொண்ட சிறு தொழிற்கூடங்களில் ஒவ்வொரு சுற்றிலும் தொழிலாளியே திறந்த அச்சினுள் கையை நீட்டி அதை வைக்கிறார். பாதுகாப்புக் கதவு மூடினாலன்றி அச்சு மூடாதபடி செய்யும் இணைப்பூட்டு இப்பொறிகளின் இன்றியமையாத உறுப்பு. உற்பத்தி வேகத்துக்காக அதைச் செயலிழக்கச் செய்வது விரல்களைப் பணயம் வைப்பதாகும். கைப்பிடி கோணலாக இருந்தாலும் தொல்லைதான். அச்சு அதன்மேல் மூடி, விலையுயர்ந்த அச்சின் முகப்பு பழுதாகும். கைப்பிடியே வைக்கப்படாவிட்டால் அவ்விடத்தில் பெட் பலூன் போல் புடைத்துப் புட்டி வீணாகும். எனவே கைப்பிடி இருப்பதை உணரிகள் உறுதிசெய்த பின்னரே ஊதுதல் தொடங்குமாறு அமைக்கப்படுகிறது.

பின்னர் அழுத்திப் பூட்டும் கைப்பிடி

இம்முறையில் புட்டி, கைப்பிடிக்குரிய குழிகளோடும் புடைப்புகளோடும் ஊதப்பட்டு, வேறொரு பொறியில் கைப்பிடி அழுத்தி மாட்டப்படுகிறது. ஊதும் பொறி கைப்பிடிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் வேகமாக இயங்கும். ஆனால் கூடுதலாக ஒரு பொறியும் இடமும் தேவை. அச்சிலிருந்து புட்டி தடையின்றி வெளியே வர வேண்டும் என்பதால் குழிகளை விரும்பியபடி ஆழமாகவும் உட்குவிந்தும் அமைக்க முடியாது. ஆகவே பூட்டு அச்சினுள் பொருத்துவதைப் போல் இறுக்கமாக இருப்பது அரிது.

ஒரே துண்டாகச் செய்யும் முயற்சிகள்

கைப்பிடியை முன்வடிவத்தோடு சேர்த்தே பெட்டில் வார்ப்பது ஒரு வழி. அப்போது முன்வடிவத்தைச் சூடாக்கும் அகச்சிவப்பு விளக்குகளின் வெப்பம் கைப்பிடியின்மேல் படாமல் மறைக்க வேண்டும். இன்றேல் அது குழைந்துவிடும். ஒவ்வொரு முன்வடிவமும் ஒரே திசையை நோக்கியபடி அச்சுக்குள் செல்லவும் வேண்டும்.

மற்றொரு வழி, பெட்டையே பிதுக்கு ஊதுவார்ப்புக்கு ஏற்றதாக மாற்றுவது. புட்டிகளுக்குப் பயன்படும் வழக்கமான பெட்டின் உள்ளார்ந்த பாகுநிலை 0.72 முதல் 0.84 டெசிலிட்டர்/கிராம், அதை 1.0க்கு மேல் உயர்த்தினால் குழாய் இழியாமல் நிற்கும். இவ்வகைப் புட்டிகள் அமெரிக்கப் பழச்சாறுச் சந்தையில் இடம்பெற்றன. கிளைக்கால் மாற்றியமைக்கப்பட்ட பெட்ஜி என்னும் நெகிழியாலும் தெளிவான, துளைக் கைப்பிடியுள்ள புட்டிகள் செய்யப்பட்டன. ஆனால் பெட்ஜி படிகமாகாத பொருள். மறுசுழற்சியில் செதில்களை உலர்த்தும் சூட்டில் பசைபோலாகிக் கட்டி தட்டிவிடும். 2017இல் கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம், 225க்கும் 255 பாகை செல்சியசுக்கும் இடையில் உருகுநிலை உச்சம் காட்டுவது பெட்டுக்குரிய தன்மைகளுள் ஒன்று என வரையறுத்தது. இதனால் பெட்ஜி அங்கு "1" என்னும் பிசின் குறியீட்டைப் பெற முடியாமற் போயிற்று.

சோதனைகள்

நிரப்பிய புட்டியைக் குறித்த உயரத்திலிருந்து அடி, பக்கம், கைப்பிடிப் பக்கம் எனப் பல நிலைகளில் கீழே போடுதல், கைப்பிடியை இழுவைப் பொறியில் பிடுங்கிப் பார்த்தல், அடுக்கி வைக்கும் சுமையைத் தாங்குமா எனப் பார்த்தல் ஆகியன வழக்கமான சோதனைகள். நிலையான எடையைத் தாங்குவது மட்டும் போதாது. இருசக்கர வண்டியின் கொக்கியில் மாட்டிச் செல்லும் கேன், ஒவ்வொரு பள்ளத்திலும் தன் எடையைக் காட்டிலும் மிகுந்த விசையைக் கைப்பிடிக்குத் தருகிறது. வெயிலில் நிற்கும் சரக்குந்தில் பெட்டும் கைப்பிடியும் சற்று இளகுவதால், சூடான நிலையிலும் சோதிப்பது நலம். பெட் ஏறத்தாழ 70 முதல் 80 பாகை செல்சியசில் கண்ணாடி நிலையை இழந்து குழையும். ஆகையால் சாதாரணப் பெட் கேனில் கொதிக்கும் எண்ணெயையோ நீரையோ ஊற்றக்கூடாது. வீடுகளில் கேனை மறுபடி பயன்படுத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும். உடல் சுருங்கி, நங்கூர முனைகள் கழன்றுவிடும்.

மறுசுழற்சி

இரு பொருள்கள் சேர்ந்த புட்டி மறுசுழற்சிக்கு இடையூறு என்று பொதுவாகக் கருதப்படினும், கைப்பிடியைப் பொறுத்தவரை நிலைமை வேறு. பெட்டின் அடர்த்தி 1.33 முதல் 1.40 கிராம்/கனசென்டிமீட்டர். பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி ஏறத்தாழ 0.90, உயரடர்த்திப் பாலிஎத்திலீனின் அடர்த்தி ஏறத்தாழ 0.95. புட்டியை அரைத்து நீர்த்தொட்டியில் இட்டால் பெட் மூழ்கும், கைப்பிடித் துகள்கள் மிதக்கும். ஆகவே ஒட்டாத, இலகுவான வேறு பொருளாக இருப்பதே இங்கு நன்மை. மாறாக, நிறமூட்டிய பெட் கைப்பிடி நிறமற்ற பெட்டோடு சேர்ந்தே மூழ்கி, முழுத் தொகுதியையும் மங்கச் செய்யும். பெட்டில் கைப்பிடி செய்வதானால் அது நிறமற்றதாக இருக்க வேண்டும். நீரினும் அடர்த்தி மிகும் அளவுக்குச் சுண்ணத்தூள் முதலிய நிரப்பிகள் கலந்த பாலிபுரொப்பிலீனும் மிதக்காது. பாலிவினைல் குளோரைடு எவ்வகையிலும் கூடாது. அதன் அடர்த்தி பெட்டை ஒத்திருப்பதால் பிரியாது. உருக்கும்போது ஐதரசன் குளோரைடை வெளிவிட்டுப் பெட்டைச் சிதைக்கவும் செய்யும்.

அச்சினுள் பூட்டிய கைப்பிடியில் ஓர் இழப்பு உண்டு. அரைத்த பின்னும் நங்கூர முனையைப் பற்றிக்கொண்டிருக்கும் பெட் துணுக்குகள், எந்தப் பொருள் மிகுதியோ அதற்கேற்ப மிதந்தோ மூழ்கியோ தவறான பக்கம் சேர்கின்றன. பழைய பொருள் வாங்கும் கடைகளில் கையால் பிரிப்போருக்கும் கழுத்து வளையமே எளிது. அச்சினுள் பூட்டியதைக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டியிருக்கும். இந்தியாவின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2022இல் செய்யப்பட்ட திருத்தம், கெட்டியான நெகிழிப் பொதிகளில் 2025–26 முதல் 30 விழுக்காடும் 2028–29இல் 60 விழுக்காடும் மறுசுழற்சிப் பொருள் சேர்க்கப்பட வேண்டும் என இலக்கு விதித்தது. இத்தகைய இலக்குகளுக்குத் தூய, நிறமற்ற பெட் செதில்கள் பெருமளவில் தேவைப்படுவதால், கைப்பிடியின் பொருளும் நிறமும் இப்போது வடிவமைப்பின் தொடக்கத்திலேயே முடிவுசெய்யப்பட வேண்டியவையாகின்றன.