மலை மோதல் விபத்து (இலங்கை மலைநாடு)

பழுதேதும் இல்லாமல், விமானியின் கட்டுப்பாட்டிலேயே பறக்கும் விமானம் இருப்பிடம் தவறி மலையிலோ தரையிலோ மோதுவது மலை மோதல் விபத்து. தென்கிழக்கிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வரும் விமானத்துக்குக் கடலுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே நிற்பவை பதுளை, அப்புத்தளை, பண்டாரவளை சூழ்ந்த ஊவா மலைகளும், அவற்றுக்கு மேற்கே மஸ்கெலியா மலைகளும். பல சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள். இரவில் முகில் இறங்கினால் முகடு தெரியாது.

1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம் நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. யாத்திரிகர் 182 பேர், பணியாளர் 9 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நடந்த மிகக் கொடிய விமான விபத்து இதுதான். அந்த விமானத்தின் சக்கரமொன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவாக வைக்கப்பட்டுள்ளது.

இறங்க அனுமதி கிடைத்தபோது விமான நிலையம் நெருங்கிவிட்டதென்று விமானிகள் நம்பினார்கள். உண்மையில் அது இன்னும் ஏறத்தாழ 40 கடல் மைல் தூரத்தில் இருந்தது. அவர்கள் நம்பியது டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும். டொப்ளர், வேகத்தையும் பக்கவாட்டு விலகலையும் அளந்து, கடந்த தூரத்தைத் தானே கூட்டிக்கொண்டு போகும். சிறு பிழையும் மைல் கணக்கில் வளரும். தரையிலுள்ள வானொலி நிலையத்தோடு ஒப்பிட்டு அதைச் சரிபார்க்க வேண்டியவர் விமானி. சரிபார்க்கும் வரை பாதுகாப்பு உயரத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. அந்த இரண்டு கருவிகளையும் சார்ந்திருந்ததே தவறான புரிதலுக்கு இடமளித்தது என்றது விசாரணை. விமானிகளைக் குறைசொல்லி முடித்துவிடக்கூடிய விபத்தல்ல இது: தரை நெருங்குவதைத் தானே எச்சரிக்கும் கருவி அப்போது கட்டாயமாகியிருக்கவில்லை.

இவ்விபத்துக்கு மூன்று நாள் முன்புதான் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டி.டபிள்யூ.ஏ. விமானமொன்று மலையில் மோதி 92 பேர் மாண்டிருந்தனர். அதையடுத்து அந்நாடு தரை அண்மை எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. டான் பேட்மன் என்ற பொறியாளர் உருவாக்கிய அக்கருவி நேர்கீழே மட்டுமே பார்த்தது. எதிரே செங்குத்தாய் எழும் மலைக்கு அது பிந்தியே கத்தும். 1990களில் வந்த மேம்பட்ட வகை, செயற்கைக்கோள் தரும் இருப்பிடத்தை உலக நிலவரைபடத்தோடு ஒப்பிட்டு மலையை முன்னமே சொல்லிவிடுகிறது.

ஆனால் மூக்கை உயர்த்த வேண்டியது இன்னும் விமானியின் கைதான். 2012இல் ஜாவாவின் சலாக் மலையில் மோதிய சுகோய் விமானத்தில் எச்சரிக்கை ஒலித்தது; நிலவரைபடத்தில் பிழை என்று கருதி விமானி அதை அணைத்துவிட்டார். முதல் எச்சரிக்கை ஒலித்து 24 நொடிக்குள் மேலே ஏறியிருந்தால் மோதலைத் தவிர்த்திருக்கலாம் என்று இந்தோனேசிய விசாரணை கண்டது. அதில் இருந்த 45 பேரும் இறந்தனர்.