காசு கொடுக்கிறது யாரு? பங்குச் செய்தி, பங்கு ஆய்வு, கொஞ்சம் வரலாறு

டீமேட் கணக்கு ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல பலருக்கும் வர்ற கேள்வி இது. மாசம் ஒரு சின்னத் தொகை ஒதுக்க முடியும். அதை நிதிச் செய்திக்குச் சந்தாவா கட்டறதா, பங்குகளை அலசி அறிக்கை தர்ற சேவைக்குக் கட்டறதா? ரெண்டும் எப்படிப் பிறந்ததுன்னு தெரிஞ்சா தேர்ந்தெடுக்கிறது சுலபம். அதனால இன்னைக்கு அமெரிக்கா போறோம்.

முதல்ல செய்தி. 1882-ல் சார்லஸ் டவ், எட்வர்ட் ஜோன்ஸ், சார்லஸ் பெர்க்ஸ்ட்ரெஸ்ஸர் என்ற மூன்று செய்தியாளர்கள் வால் ஸ்ட்ரீட்டில் டவ் ஜோன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அலுவலகம் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில். சேகரித்த செய்திகளை மெல்லிய தாளில், கார்பன் வைத்துக் கையால் எழுதுவார்கள். பையன்கள் அதை எடுத்துக்கொண்டு தரகர்களிடமும் வங்கிகளிடமும் ஓடுவார்கள். ஒரு நாளைக்குப் பல தடவை இந்த ஓட்டம். 1883-ல் அன்றைய செய்திகளைத் தொகுத்து ஒரு மாலைக் கடிதம் போட ஆரம்பித்தார்கள். அதுதான் 1889 ஜூலை 8 அன்று 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' ஆனது. நாலு பக்கம், விலை 2 சென்ட்.

இதில ஒரு விஷயத்தைக் கவனிங்க. அவங்க வித்தது வேகம். துண்டுத்தாள் கைக்கு வந்த தரகருக்கு அது முதல் செய்தி. சாயங்காலம் படிக்கிறவருக்கு அது நடந்து முடிஞ்ச கதை. நம்ம போன்ல வர்ற செய்தியும் பெரும்பாலும் அந்தச் சாயங்காலப் பதிப்பு மாதிரிதான். விலை ஏற்கெனவே நகர்ந்திருக்கும்.

அடுத்தது ஆய்வு. ஹென்றி வார்னம் பூர் 1868-லிருந்து ரயில்வே கம்பெனிகளின் கணக்குகளைத் தொகுத்து ஆண்டுதோறும் கையேடு வெளியிட்டார். ஸ்டாண்டர்ட் அண்ட் பூர்ஸ் பேர்ல இருக்கிற 'பூர்' இவர்தான், ஏழைன்னு அர்த்தம் இல்ல! பிறகு வந்த ஜான் மூடி 1900-ல் தொழில் நிறுவனங்களுக்கு ஒரு கையேடு போட்டார். 1907-ல் சந்தை சரிந்தபோது அந்தக் கம்பெனி அவர் கையைவிட்டுப் போனது. 1909-ல் புது யோசனையோடு திரும்பினார். வெறும் தகவலோடு நிறுத்தாமல், ரயில்வே கடன் பத்திரங்களுக்கு எழுத்தில் தரம் போட்டார். புத்தகத்தை வாங்கிய முதலீட்டாளரின் பணத்தில்தான் அந்தத் தொழில் நடந்தது.

1970-களின் தொடக்கத்தில் இது தலைகீழானது. ஜெராக்ஸ் மெஷின் வந்ததும் ஒருத்தர் வாங்கினதை நாலு பேர் நகலெடுத்துக்கிட்டாங்க என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. 1970-ல் பென் சென்ட்ரல் ரயில்வே திவாலானதும், முதலீட்டாளர்களின் பயத்தைப் போக்க கம்பெனிகளுக்கே தரச்சான்று தேவைப்பட்டது. ஆக, தரம் போடுவதற்கான கட்டணத்தைத் தரம் வாங்கும் கம்பெனியே கட்ட ஆரம்பித்தது. பரீட்சை எழுதுற பையனே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிற மாதிரி. 2008 நெருக்கடியில், உச்சத் தரம் வாங்கிய வீட்டுக்கடன் பத்திரங்கள் எப்படிச் சரிந்தன என்பதை உலகமே பார்த்தது.

இலவச ஆய்வு என்ன ஆச்சு? டாட்காம் காலத்தில் வால் ஸ்ட்ரீட் முதலீட்டு வங்கிகளின் ஆய்வாளர்கள் பங்குகளை 'வாங்குங்கள்' என்று பரிந்துரைத்துக்கொண்டே இருந்தார்கள். அதே கம்பெனிகளிடம்தான் அந்த வங்கிகள் பங்கு வெளியீட்டு வேலைக்குக் கட்டணம் வாங்கின. வெளியே புகழ்ந்த பங்கைச் சில ஆய்வாளர்கள் உள் மின்னஞ்சலில் மட்டமாகப் பேசியதும் விசாரணையில் தெரியவந்தது. 2003-ல் 10 நிறுவனங்கள் சுமார் 140 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்தன. வாடிக்கையாளர்களுக்கு வெளியாட்களின் சுதந்திர ஆய்வையும் வாங்கித்தர வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை.

அப்போ சந்தா கட்டினா மட்டும் எல்லாம் சுத்தமா? அப்படியும் இல்ல. நீங்க அடுத்த வருஷமும் சந்தாவைப் புதுப்பிக்கணும்னா, மாசாமாசம் புதுசா ஒரு பங்கைக் காட்டி உங்களைப் பரபரப்பா வெச்சிருக்கணும். 'ஒண்ணும் வாங்காதீங்க, சும்மா இருங்க'ன்னு சொல்ற அறிக்கைக்கு யாரு ரெண்டாவது தடவை காசு கொடுப்பாங்க?

அதனால நான் ரெண்டு கேள்வி கேட்பேன். ஒண்ணு, எனக்கு வேகம் உபயோகப்படுமா? பத்து வருஷம் வெச்சிருக்கப்போற பங்குக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் செய்தி தேவையில்லை. ரெண்டு, இதுக்குக் காசு எங்கிருந்து வருது? நீங்க வாங்கி விக்கிற ஒவ்வொரு தடவையும் கமிஷன் பார்க்கிறவர் இலவசமா அறிக்கை கொடுத்தா, அந்த இலவசத்துக்குக் காரணம் இருக்கு.

இந்தியாவில் ஆய்வாளர்களுக்கான செபி விதிமுறைகள் 2014-ல் வந்தன. ஆய்வாளர் பதிவு செய்திருக்க வேண்டும். பரிந்துரைக்கும் கம்பெனியில் தனக்கு நிதி ஆதாயம் இருந்தால் அதை அறிக்கையில் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் கடைசிப் பக்கத்துல, பொடி எழுத்துல இருக்கும். எந்தச் சந்தா எடுத்தாலும் அந்தப் பக்கத்தை முதல்ல படிங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.