மண்வெட்டி யார் கையில்?

பள்ளிகளில் மாணவர்கள் காய்கறித் தோட்டம் போடுவதை நாம் வரவேற்கிறோம். அதற்குப் பின்னால் உள்ள வரலாற்றையும் இளம் தோழர்கள் அறிய வேண்டும்.

1937 வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடமாக்கியது. 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொண்டுவந்த திட்டம் வேறு. கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம்தான். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பண்ணையாளின் பிள்ளை எதைக் கற்றிருக்கும்? ‘குலக்கல்வி’ என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார்.

அப்போது தலத்தெரு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலைச் சேர்ந்தது. சுற்றியிருந்த தஞ்சை மாவட்டத்துக்கு வந்த திட்டம் இங்கே வரவில்லை. ஆனால் சொந்த நிலமில்லாமல் பிறர் வயலில் உழைக்கும் நிலைக்கு அந்த எல்லைக்கோடு தடையாக இருக்கவில்லை.

2019இல் மதிய உணவுத் திட்டத்தோடு இணைத்துப் பள்ளித் தோட்டங்களுக்கான வழிகாட்டுதலை ஒன்றிய அரசு வெளியிட்டது. ஆகவே தோட்டம் உள்ள பள்ளிகளில் நாம் கேட்க வேண்டியவை மூன்று: கொத்துவது யார்? கணக்கு எழுதுவது யார்? விளைந்த கத்தரியையும் வெண்டையையும் எல்லோரும் ஒரே பந்தியில் உண்கிறார்களா? சேரிப் பிள்ளைக்கு மட்டும் மண்வெட்டி, மற்றவருக்கு நோட்டு என்றால், 1954இல் வெளியேறியது தோட்டத்தின் வழியே திரும்பி வருகிறது. முறை வைத்து எல்லோரும் கொத்தட்டும்; எல்லோரும் எழுதட்டும்.