ஏடும் பாலபாடமும்: ஆரம்பக் கல்வியிற் சொல்லின் வரலாறு

யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதுவோர் ஒன்றில் அவற்றைப் பொற்காலமெனப் போற்றுவர். அன்றேல் மனப்பாடக் கொட்டில்கள் என இகழ்ந்து தள்ளுவர். அங்கே ஒரு சிறுவன் எழுத்தையும் சொல்லையும் எந்த ஒழுங்கிற் கற்றான், அவ்வொழுங்கு ஏன் வகுக்கப்பட்டது என ஆராய்ந்தோர் சிலரே. கீழ்வகுப்புகளில் எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் நமக்கு அந்த வினா பயனற்றதன்று.

ஏடு தொடக்கிய பிள்ளை முதலில் எழுதியது மணலில். உபாத்தியாயர் எழுதிக் காட்டிய வரிவடிவத்தின்மேல் விரலை ஓட்டியவாறே ஒலியை உரக்கச் சொல்வான். ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வருவது பின்னரே. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியொன்றை நடத்திய அந்திரூ பெல் என்னும் பாதிரியார், 'மலபார்'ப் பள்ளிக்கூடமொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அதனைத் தமது விடுதியிற் புகுத்தினார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு சேர்த்து, 1797இல் இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். தமிழரை 'மலபாரிகள்' என்று வழங்குவது அக்கால ஆங்கிலேயர் வழக்கம். அம்முறையை இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பாடசாலைகள் பல கைக்கொண்டன. நமது சட்டாம்பிள்ளையைக் காட்டுமிராண்டிக் காலத்து எச்சமெனக் கருதுவோர் இதனையும் அறிந்து வைத்திருத்தல் நன்று.

அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி முதலியன; பின்னர் நிகண்டு. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகள் கொண்டது, முழுவதும் செய்யுள். பொருள் விளங்காத வயதிலே பிள்ளைகள் அதனை நெட்டுருச் செய்தனர். இன்றைய கல்வியுளவியல் இதனை ஏற்காது, நாமும் ஏற்கவில்லை. ஆயினும் அதற்கொரு காரணம் இருந்தது. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு கிடையாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளியுமில்லை. 'எரி' என எழுதப்பட்டிருப்பது நெருப்போ, நீர் நிறைந்த ஏரியோ என்பதைச் சொல்லறிவு உடையவனே இடம்நோக்கித் துணிவான். எழுத்தைக் கூட்டிச் சொல்லை அறிதல் என்னும் நமது இன்றைய வழி ஏட்டிற்குப் பொருந்தாது. அங்கே சொல்லை முன்னரே அறிந்தவன்தான் எழுத்தை வாசிக்க முடியும். வாசிப்பதற்குரிய கருவியாகவே நிகண்டு பிள்ளையின் தலையில் ஏற்றப்பட்டது.

அக்கருவியைப் பெறுவதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். தோட்டத்துக்கும் கடலுக்கும் போகவேண்டாத பிள்ளைக்கே அந்த ஆண்டுகள் வாய்த்தன. அவகாசம் இருந்தாலுங்கூட, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் திண்ணையில் ஏறிவிட முடியாது. பனையில் ஏறி ஓலை வெட்டித் தந்தவனின் மகன், அவ்வோலையில் எழுதப்பட்டதைத் தொடவும் உரிமையற்றிருந்தான்.

அச்சு வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இலேயே சொற்களை அகர வரிசைப்படுத்தியிருந்தது. 1842இல் யாழ்ப்பாண அகராதி மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தில் வெளிவந்தது. அகர வரிசை என்பது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆனால், நிகண்டை மனனஞ் செய்தவனிடம் சென்று கேட்க வேண்டிய பொருளை, எழுத்து வரிசை தெரிந்த எவனும் தானே தேடிக்கொள்ள இடமளித்தது அதுவே.

ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இற் சென்னைக்குச் சென்று அச்சுயந்திரம் வாங்கிவந்தார். நிகண்டின் உரையைப் பதிப்பித்த அவரே பாலபாடங்களையும் இயற்றினார் என்பது நமது கவனத்திற்குரியது. எழுத்து, சொல், சிறு வாக்கியம், பின் நீண்ட வசனம் எனப் படிப்படியாக அமைந்த அந்நூல்களில், பிள்ளை செய்யுளைத் தாண்டாமலே வாசிப்புக்குள் நுழையலாம். குறியீடுகளால் நிறுத்தம் காட்டிய தெளிந்த வசனம் அது. மிஷனரிமாரின் பாடநூல்களை எதிர்கொள்ள எழுந்த தேவை இதற்குப் பின்னால் இருந்தது. அதனாற் சாதனை சிறுத்துவிடாது. எனினும் நூலின் உள்ளுறையையும் நோக்கல் வேண்டும். நான்காம் பாலபாடத்தில் கொலை, கள்ளுண்ணல், களவு முதலியவற்றைக் கண்டிக்கும் பாடங்கள் உண்டு. கள்ளிறக்குவோன் வீட்டுப் பிள்ளை அந்தப் பக்கத்தை வாசிக்க நேரும் என்று நூலாசிரியர் எண்ணியதாகத் தெரியவில்லை. சாதியாசாரத்தைக் காத்தல் அவருக்குச் சைவத்தைக் காத்தலின் ஒரு கூறாகவே இருந்தது.

மிஷன் பாடசாலைகள் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளைச் சேர்த்தன. சேர்த்தும் பல இடங்களிற் பிள்ளைகளை வாங்கில் இருத்தவில்லை. தரையிலிருந்தே அவர்கள் எழுதினர். நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சமஆசனம் வழங்கவேண்டுமென அரசாங்கம் வற்புறுத்தியபோது, 1930ஆம் ஆண்டளவிற் பல பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. ஒரு பிள்ளை வாங்கில் அமர்ந்து 'அ' எழுதுவதைப் பொறுக்காது கட்டடத்தையே கொளுத்தியோரும் நமது தமிழ்ப் பண்பாட்டைப் பற்றிப் பேசியவர்களே.

1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளிற் போதனாமொழி தாய்மொழியாயிற்று. கதவு சட்டப்படி திறந்தது. சொல்லின் கதவு அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. கரையோரத்துப் பிள்ளை கொப்பியில் 'சோழகம் பெயர்ந்தது' என்று எழுதினால் உபாத்தியாயர் சிவப்பு மையால் வெட்டித் 'தென்றல்' என்று திருத்துவார். 'கச்சான்' என்றால் 'கோடை' என்பார். அதே பிள்ளை 'வாடை', 'கொண்டல்' என்று எழுதினால் வெட்டு விழாது. இந்நான்கும் அப்பிள்ளை தந்தையின் வாயிலிருந்து ஒன்றாகக் கற்ற காற்றுப் பெயர்கள். அவற்றுள் இரண்டு நிகண்டிலும் இருக்கின்றன. ஆதலால் அவை தமிழ், ஏனைய இரண்டும் கொச்சை! சோழகத்தை நம்பிப் பாய் விரித்து உயிரோடு கரைசேர்ந்தவர்களின் சொல்லுக்கு இதைவிடப் பெரிய பிரமாணம் எங்கே தேடுவது?

நாவலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் குழந்தைப் பாட்டாக்கியபோது, வீட்டுச் சொல் முதன்முறையாக உரிய மரியாதையோடு வகுப்பறைக்குள் வந்தது எனலாம். பாடநூல்கள் அவ்வழியில் வெகுதூரம் சென்றில.

மூன்றாந் தரத்திற் பனையைப் பற்றிக் கட்டுரை எழுதுவிக்கும்போது, 'பனை ஒரு கற்பகதரு' என்று தொடங்கும் வழமையான வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதாது விட்டுப் பார்க்கலாம். பிள்ளைகளையே கேட்டால் வடலி, குருத்தோலை, சார்வோலை, காவோலை, கங்குமட்டை, பாளை, பன்னாடை, நுங்கு, சீக்காய், பூரான், ஊமல், ஒடியல், பனாட்டு எனக் கரும்பலகை நிறையும். இவற்றுட் பாதியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பின்வரிசைப் பிள்ளைகள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் அவர்களே எழுதட்டும். றகர ரகரப் பிழைகளை அதன்பின் திருத்திக்கொள்ளலாம்.